"தலை ஸ்கேன் நோர்மல்" – முகத்துக்குள் பார்க்க மனிதன் கற்றுக்கொண்ட கதை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் முழுதாக வாசியுங்கள். நேரமில்லாத பெற்றோர் கடைசிப் பகுதியையாவது வாசித்துவிட்டுப் போங்கள். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புகிற எல்லோருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது.

புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் இந்தக் கரையோரத்தில் பந்து உதைக்காத பையன் குறைவு. எங்கள் பாடசாலையிலும் அப்படித்தான். எட்டாம் தரத்தில் படித்த ஒரு மாணவனுக்கு, பந்துக்காகப் பாய்ந்த இன்னொருவனின் முழங்கை கண்ணுக்குக் கீழே பட்டது. இரத்தம் வரவில்லை. கண் சிவக்கவும் இல்லை. லேசான வீக்கம் மட்டும். ஆனால் பிள்ளை சத்தி எடுத்தான், வெளிறிப்போய் நிலத்தில் சாய்ந்துவிட்டான். தலையில் அடிபட்டுவிட்டது என்று நினைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் இரத்தக் கசிவு இல்லை, நோர்மல் என்றார்கள். ஒரு நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். உம்மாவும் வாப்பாவும் அழுது சந்தோசப்பட்டார்கள். நாங்களும்தான்.

அதற்கு அடுத்த வாரம் அவன் வகுப்புக்கு வந்தான். கரும்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் நாடியை மேலே தூக்கி, மூக்கு வழியாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். "என்ன பெரிய ஆள் மாதிரிப் பார்க்கிறாய், ஒழுங்காக இரு" என்று நாங்கள் ஏசினோம். ஆம், நாங்கள்தான் ஏசினோம். அதை மறைக்க மாட்டோம். இரண்டாவது தடவை ஏசியபோதுதான் அவன் சொன்னான்: "சேர், மேல பார்த்தா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

பிறகு வேறொரு வைத்தியசாலையின் கண் வைத்தியரிடம் கூட்டிப்போனோம். அவர் செய்த முதல் காரியம் ஒரு விரலைத் தூக்கி "இதைப் பார் மகன்" என்றது. ஒரு கண் மேலே போனது. மற்றக் கண் நடுவிலேயே நின்றுவிட்டது. பழைய ஸ்கேனைப் பார்த்தார். "இது மூளைக்கு எடுத்தது. கண்குழியின் தரை இதில் சரியாக வரவில்லை. முகத்துக்கு மெல்லிய வெட்டில் எடுக்க வேண்டும்" என்றார்.

ஸ்கேன் என்றால் ஸ்கேன்தானே, அதில் என்ன தலை ஸ்கேன், முக ஸ்கேன், மெல்லிய வெட்டு, தடித்த வெட்டு? அன்று எங்களுக்கு இருந்த கேள்வி இதுதான். நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள். ஆசிரியர் கலாசாலையில் எக்ஸ்ரே பற்றி ஒரு பந்திக்கு மேல் நாங்கள் படித்ததில்லை. ஆனாலும் ஒன்று விளங்காவிட்டால் அதன் வரலாற்றைத் தேடிப் போவது எங்கள் பழக்கம். விஞ்ஞானம் படிப்பிக்கும் சக ஆசிரியர்களிடம் கேட்டு, தேடி வாசித்து விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

கையால் தடவிப் பார்த்த காலம்

முகம் உடைவது மனிதனுக்குப் புதிதல்ல. பழைய எகிப்தின் பப்பிரசுச் சுருள் ஒன்றிலேயே உடைந்த மூக்குக்குத் துணித்திரி வைத்துக் கட்டும் முறை எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரம் வருடங்களுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அஸ்-ஸஹ்ராவி, "அத்-தஸ்ரீப்" என்ற முப்பது பகுதிகள் கொண்ட தன் நூலின் கடைசிப் பகுதியைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். ஆட்டம் கண்ட பற்களைத் தங்கக் கம்பியால் கட்டும் முறை அதில் உண்டு. அதே காலத்தவரான இப்னு அல்-ஹைதம், ஒளி நேர்கோட்டில் போகிறது என்பதையும் ஒரு பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியால்தான் பார்க்கிறோம் என்பதையும் "கிதாபுல் மனாழிர்" நூலில் சோதனைகளோடு விளக்கினார்.

இதை எழுதும்போதே ஒன்று சொல்லிவிடுகிறோம். "ஸ்கேன் மெசினையும் நம்மவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்" என்று யாரும் இந்தப் பதிவைப் பகிர வேண்டாம். ஸஹ்ராவி கண்ணாலும் கையாலும் பார்த்தார். தோலுக்குக் கீழே அவராலும் பார்க்க முடியவில்லை. அவருக்குப் பின் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் வேறு எவராலும் முடியவில்லை.

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த மாதமே மனைவியின் கையைப் படம் பிடித்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன. காப்புரிமை எடுக்காமல் உலகுக்கே விட்டுக்கொடுத்தார். 1901இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது.

அதே 1901இல் பிரான்சின் லீல் நகரில் ரெனே லெ ஃபோர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். இறந்தவர்களின் தலைகளைத் தடியால் அடித்தும், மேசை விளிம்பில் மோதியும், பிறகு சதையை நீக்கி எலும்பு எந்த வழியில் பிளக்கிறது என்று பார்த்தார். 35 தலைகள். கேட்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் அதிலிருந்து ஒரு பெரிய உண்மை வந்தது: முகம் கண்டபடி நொறுங்குவதில்லை. பலவீனமான சில பாதைகள் இருக்கின்றன, அவற்றின் வழியேதான் பிளக்கிறது. பல்வரிசைக்கு மேலே, மூக்கைச் சுற்றி, கண்குழிகளுக்கு ஊடாக என்று மூன்று மட்டங்கள். இன்றும் ஸ்கேன் அறிக்கையில் "லெ ஃபோர் 1, 2, 3" என்று எழுதுவது அவர் பெயரில்தான்.

நிழலின் குறை

எக்ஸ்ரே வந்துவிட்டது, பிறகென்ன பிரச்சினை? எக்ஸ்ரே ஒரு நிழல். சுவரில் கையால் மான் உருவம் காட்டுகிறோமே, அதில் எந்த விரல் முன்னால், எந்த விரல் பின்னால் என்று தெரியுமா? முகத்திலும் அதே கதைதான். கன்ன எலும்பு, மூக்கெலும்பு, மேற்றாடை, பல், பின்னால் மண்டையோட்டின் அடித்தளம், கழுத்தெலும்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் விழுகின்றன.

அதனால் ஆரம்பகால வைத்தியர்கள் தலையைத் திருப்பித் திருப்பி வைத்துப் படமெடுத்தார்கள். 1915இல் அமெரிக்காவில் வோட்டர்ஸ், வால்ட்ரன் என்ற இருவர், நாடியைத் தகட்டில் வைத்து முகத்தை உயர்த்தி எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். காதுக்குப் பின்னாலுள்ள தடித்த எலும்பின் நிழல் கீழே இறங்கிவிட, கன்னத்துக்குள் இருக்கும் காற்றறையும் கண்குழியின் விளிம்பும் தெளிவாகத் தெரியும். "வோட்டர்ஸ் வியூ" என்று இன்றும் அந்தப் படத்தை எடுக்கிறார்கள். பின்லாந்தில் பாற்றேரோ என்ற பல் வைத்தியர் தாடை முழுவதையும் ஒரே நீண்ட படமாக விரிக்கும் கருவியை உருவாக்கினார். பல் கிளினிக்கில் "ஓ.பி.ஜி. எடுத்துட்டு வாங்க" என்பார்களே, அதுதான். கீழ்த்தாடை குதிரை லாட வடிவம் என்பதால் ஒரு இடத்தில் அடி விழுந்தால் இன்னோர் இடத்திலும் உடைவது வழமை. அந்த இரண்டாவது உடைவைத் தேட ஓ.பி.ஜி. இன்றும் கைகொடுக்கிறது.

1957இல் நியூயோர்க்கில் ஸ்மித், ரீகன் என்ற இரண்டு வைத்தியர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இறந்தவர் ஒருவரின் கண்மேல் ஒரு பந்தை வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். கண்ணைச் சுற்றியுள்ள தடித்த விளிம்பு அப்படியே இருக்க, உள்ளே தரை மட்டும் கீழ்நோக்கி உடைந்தது. இதற்கு "புளோ அவுட்" முறிவு என்று பெயர் வைத்தார்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே தரை போய்விடும்.

எங்கள் மாணவனுக்கு நடந்தது இதன் ஒரு வகை. கண்குழியின் தரை சில இடங்களில் அரை மில்லிமீற்றர்தான். பிள்ளைகள் எழுதும் கொப்பியின் மட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களில் அது நொறுங்கும். பிள்ளைகளின் எலும்போ பச்சைக் கம்புபோல் வளையும். பொறிக்கதவு மாதிரி கீழே திறந்து, கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பையும் சிலவேளை தசையையும் உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி மூடிவிடும். சிக்கிய தசை இழுபடும்போது ஒரு நரம்பு வழியாக இதயத்துடிப்பு குறையும், சத்தி வரும், மயக்கம் வரும். பார்ப்பவர்கள் தலையில் அடி என்றே நினைப்பார்கள். கண் வெள்ளையாக, அழகாகவே இருக்கும். மருத்துவத்தில் "வெள்ளைக் கண் முறிவு" என்றே ஒரு பெயர் இருக்கிறது.

தென்னந்தோட்டமும் ஸ்கேனும்

இனி ஸ்கேனுக்கு வருவோம். பாலாவியிலிருந்து கற்பிட்டி வீதியில் பஸ்ஸில் போயிருப்பீர்கள். வரிசையாக வைத்த தென்னந்தோட்டத்தைக் கடக்கும்போது ஒரு கோணத்தில் மரங்கள் எல்லாம் ஒன்றையொன்று மறைத்து அடர்ந்த காடு மாதிரித் தெரியும். இன்னொரு கோணத்தில் திடீரென்று வரிசைகள் திறந்து அந்தப் பக்கத்துக் களப்பு தெரியும். ஒரு கோணத்தில் பார்த்தவன் எந்த மரம் எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாது. தோட்டத்தை முழுச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு கோணத்திலும் எங்கே இடைவெளி, எங்கே அடர்த்தி என்று எழுதிக்கொண்டு வந்தால், உள்ளே கால் வைக்காமலே ஒவ்வொரு மரத்தின் இடத்தையும் கணக்குப் போட்டுக் காட்டலாம். சீ.ரி. ஸ்கேன் செய்வது இதைத்தான்.

இது முடியும் என்று கணிதத்தில் 1917இலேயே நிறுவியவர் ஒஸ்திரிய நாட்டு யொஹான் ராடொன். அது மருத்துவத்துக்கு உதவும் என்று அவருக்கே தோன்றவில்லை. தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் அலன் கோர்மக் அதே கணக்கைத் தனியாகப் போட்டு 1963, 64இல் வெளியிட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இங்கிலாந்தில் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியியலாளர் ஈ.எம்.ஐ. கம்பனியில் வேலை செய்தார். பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே கம்பனி. பீட்டில்ஸின் பணத்தில்தான் ஸ்கேன் பிறந்தது என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. உண்மையில் பிரித்தானிய சுகாதாரத் திணைக்களமும் இதற்குப் பணம் போட்டது. அதாவது மக்களின் வரிப்பணம். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதற் சோதனையில் ஒரு படத்துக்கு அளவெடுக்க 9 நாட்கள், கணினி கணக்குப் போட இரண்டரை மணித்தியாலம். எக்ஸ்ரே குழாய் பொருத்திய பிறகு 9 நாள் 9 மணித்தியாலமானது. சோதிப்பதற்கு மாட்டு மூளையை இறைச்சிக்கடையில் வாங்கி லண்டன் பொதுப் போக்குவரத்தில் கொண்டுபோனார்.

1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளியான ஒரு பெண்ணுக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. மூளையில் இருந்த கட்டி படத்தில் தெரிந்தது. அந்தப் படத்தில் மொத்தம் 80 தர 80, அதாவது 6400 கட்டங்கள்தான். ஒவ்வொரு வெட்டும் ஏறத்தாழ ஒரு சென்டிமீற்றர் தடிப்பு. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மக்குக்கும் மருத்துவ நோபல் பரிசு சேர்த்து வழங்கப்பட்டது.

இங்கே தமிழ் பேசும் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒரு பெயர் இருக்கிறது. ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர். 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் அமைப்பை அங்கிருந்துதான் 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து வெளியிட்டார். பிறகு பெங்களூர் போனார். அங்கே ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். நிழல்களிலிருந்து முழு உருவத்தை மீட்க இலகுவான, வேகமான ஒரு கணக்குமுறை அது.

அதன் சாரம் இதுதான். எடுத்த ஒவ்வொரு நிழலையும் வந்த வழியே திரும்பப் பூசினால் உருவம் கிடைக்கும், ஆனால் மங்கலாக, பனிக்குள் பார்ப்பதுபோல். பூசுவதற்கு முன் ஒவ்வொரு நிழலின் விளிம்பையும் ஒரு கணக்கால் கூர்மையாக்கிவிட்டால் அந்த மங்கல் போய்விடும். வானொலித் தொலைநோக்கி ஆய்வில் இதைப் போன்ற வழியை வேறு சிலரும் 1967இல் கண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கூர்மையாக்கும் கணக்குக்கு இன்றும் உலகப் பாடநூல்களில் "ராம்-லாக்" என்றுதான் பெயர். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் இயந்திரம் வேறு முறையில், திரும்பத் திரும்பச் சரிபார்த்துக் கணக்கிட்டது. பின்னால் வந்த இயந்திரங்கள் பல பத்தாண்டுகளாக இந்த முறையின் வழியிலேயே படம் வரைந்தன.

பாணை எப்படி வெட்டுவது?

இப்போது எங்கள் கேள்விக்குப் பதில். ஒரு றாத்தல் பாணை எடுங்கள். அதன் நடுவில் ஒரு கொப்பி மட்டையைப் படுக்கையாகச் செருகியிருக்கிறது என்று வையுங்கள். அதுதான் கண்குழியின் தரை. மட்டை எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாணைப் படுக்கையாக வெட்டினால் கத்தி மட்டைக்கு மேலே போகும், அல்லது கீழே போகும். மட்டை ஒரு துண்டுக்குள் முழுசாக ஒளிந்துவிடும். கிழிசல் தெரியாது. நெடுக்காக, மேலிருந்து கீழே வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் மட்டை ஒரு கோடாகத் தெரியும். கோடு அறுந்திருந்தால் அங்கே கிழிசல்.

முதற்கால ஸ்கேன்கள் படுக்கை வெட்டைத்தான் எடுத்தன. மூளைக்கு அது போதும். கன்ன எலும்பின் வளைவு, மூக்கின் பக்கச் சுவர், காற்றறைகளின் முன்சுவர் எல்லாவற்றுக்கும் அது நல்லதே. கண்குழியின் தரைக்கும் மேல்வாய் அண்ணத்துக்கும் அது சரிவராது. ஆகவே 1980களில் வைத்தியர்கள் இரண்டாவது தடவையாக நெடுக்கு வெட்டு எடுத்தார்கள். "நேரடி கொரோனல்" என்று அதற்குப் பெயர். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, கழுத்தை நன்றாகப் பின்னால் வளைத்து எடுக்க வேண்டும். படம் அருமையாக வரும்.

ஆனால் வீதி விபத்தில் வந்தவரை நினைத்துப் பாருங்கள். ஏ3 வீதியில் இரவில் பைக்கில் வந்து, நடுவீதியில் நின்ற கழுதையில் மோதியவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர்! அவருக்குக் கழுத்தெலும்பும் உடைந்திருக்கலாம். கழுத்தை வளைத்தால் உயிருக்கே ஆபத்து. மயக்கத்தில் இருப்பவரைக் குப்புறப் போடவும் முடியாது. பல் அடைத்த உலோகம் இருந்தால் நெடுக்கு வெட்டில் அதிலிருந்து வெள்ளைக் கீற்றுகள் பாய்ந்து படம் முழுவதையும் கெடுத்துவிடும். இரண்டு தடவை எடுப்பதால் கதிரும் இரண்டு மடங்கு. உண்மையில் யாருக்கு அந்த வெட்டு அதிகம் தேவையோ, அவருக்கே அதை எடுக்க முடியவில்லை.

படுக்கை வெட்டுகளை அடுக்கி, கணினியில் நெடுக்காக வெட்டிப் பார்த்தார்கள். தடித்த துண்டுகளை அடுக்கினால் விளிம்பு படிக்கட்டு மாதிரி வரும். அரை மில்லிமீற்றர் எலும்பைப் படிக்கட்டில் எப்படித் தேடுவது?

விடை 1989இல் வந்தது. ஜேர்மனியில் வில்லி கலென்டரின் குழு, குழாய் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்க, நோயாளியின் கட்டில் மெதுவாக உள்ளே போகும் முறையில் எடுத்த முதல் முடிவுகளை வெளியிட்டது. கதிர் உடலைச் சுருளாகச் சுற்றிவரும். 1998இல் ஒரே சுற்றில் நான்கு வெட்டு எடுக்கும் இயந்திரங்கள் வந்தன. பிறகு பதினாறு, அறுபத்து நான்கு என்று வளர்ந்தது. துண்டு அரை மில்லிமீற்றர் அளவுக்கு மெலிந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவான சிறு கட்டிகளாக முகம் முழுவதும் பதிவாகிவிடும். பிறகு எந்தப் பக்கமாக வெட்டினாலும் படிக்கட்டு வராது. நோயாளி மல்லாந்து படுத்தபடி, கழுத்துப்பட்டியோடு, சில விநாடிகளில் ஒரே தடவை எடுத்தால் போதும். கழுத்தை வளைத்து எடுத்த அந்தக் கொரோனல் முறை இதோடு பெரும்பாலும் ஓய்வு பெற்றது.

அழகான படமும் பொய் சொல்லும்

முகத்தை முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் வேனியர், மார்ஷ் குழுவினர் 1983இல் இதை முகச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். பிறவியிலேயே முக எலும்பு கோணலான பிள்ளைகளுக்காகவே முதலில் செய்தார்கள். 1990இல் போல்ரிமோரில் போல் மான்சன் குழுவினர், முக முறிவுக்கு எந்தச் சிகிச்சை என்பதையே ஸ்கேனை வைத்துத் தீர்மானிக்கலாம் என்று எழுதினார்கள். பல துண்டாக நொறுங்கிய முகத்தில் எந்தத் துண்டு எங்கே போயிருக்கிறது, கன்னம் எவ்வளவு சுழன்றிருக்கிறது என்று ஒரே பார்வையில் விளங்க முப்பரிமாணப் படத்துக்கு ஈடில்லை.

ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. எலும்பு மிக மெல்லியதாக இருக்கும் இடத்தில் கணினி அதை எலும்பாக எண்ணாமல் விட்டுவிடும். நல்ல தரையிலும் ஓட்டை இருப்பதுபோல் காட்டும். மறுபக்கம், மெல்லிய வெடிப்பை மெழுகி மறைத்தும் விடும். எனவே கதிரியல் வைத்தியர்கள் தட்டையான வெட்டுப்படங்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எலும்புக்கு ஒரு வெளிச்சத்திலும், தசை, கொழுப்பு, இரத்தத்துக்கு இன்னொரு வெளிச்சத்திலும் பார்க்கிறார்கள். எங்கள் மாணவனைப் போன்ற பொறிக்கதவு முறிவில் எலும்பு திரும்ப மூடிவிடுவதால் எலும்புப் படம் நல்லதாகவே தெரியலாம். கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டிய தசை இடம் மாறியிருக்கிறதா, காற்றறைக்குள் ஒரு துளி கொழுப்பு தொங்குகிறதா என்பதுதான் சாட்சி.

1990களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் இன்னொரு கருவி உருவானது. கூம்பு வடிவக் கதிரால் ஒரே சுற்றில் முகத்தைப் பதியும் "கோன் பீம்" ஸ்கேன். உட்கார்ந்தபடியே எடுக்கலாம், கதிர் பொதுவாகக் குறைவு, பல்லும் தாடையும் மிகத் துல்லியம். ஆனால் தசையும் இரத்தமும் அதில் பிரித்துத் தெரியாது. அசையாமல் இருக்கவும் வேண்டும். தாடை மட்டும் உடைந்து, நினைவோடு இருப்பவருக்கு அது நல்லது. விபத்தில் மயங்கியவருக்கும், கண்ணின் தசை சிக்கியவருக்கும் அது போதாது.

கதிருக்குப் பயந்து ஸ்கேனை வேண்டாம் என்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு, பிள்ளைகளின் உடல் கதிருக்கு மென்மையானது. ஆனால் அளவும் தெரிய வேண்டும். பூமியில் வாழும் ஒருவர் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேர்ட் கதிரைப் பெறுகிறார். ஒரு தலை ஸ்கேன் சுமார் 2 மில்லிசீவேர்ட். தேவையில்லாமல் எடுக்கக் கூடாது. தேவை வந்தால் தயங்கவும் கூடாது. திரும்பத் திரும்ப எடுக்காமல், முதல் தடவையிலேயே சரியான இடத்துக்கு, சரியான முறையில் எடுப்பதுதான் பிள்ளைக்கு நல்லது.

பெற்றோருக்கு

நாங்கள் வைத்தியர்கள் அல்ல. பெற்றோரும் ஆசிரியரும் பார்க்கக்கூடியதை மட்டும் சொல்கிறோம்.

முகத்தில் அடிபட்ட பிள்ளையின் தலையை அசைக்காமல் வைத்து, உங்கள் விரலை மேலே, கீழே, இரண்டு பக்கமும் கொண்டுபோய்க் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். ஒரு கண் பின்தங்கினால், இரண்டாகத் தெரிகிறது என்றால், கண்ணை அசைக்கும்போது சத்தி வந்தால், கண் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். கன்னமோ மேலுதடோ விறைத்திருந்தாலும், பல் பழையபடி ஒன்றோடொன்று பொருந்தாவிட்டாலும் அப்படித்தான். பிள்ளைகளில் சிக்கிய தசையை முடிந்தால் இரண்டு நாட்களுக்குள் விடுவிக்க வேண்டும் என்பதே பொதுவான மருத்துவக் கருத்து.

"தலை ஸ்கேன் நோர்மல்" என்றால் அல்ஹம்துலில்லாஹ், மூளை தப்பியது. ஆனால் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "டொக்டர், முகமும் இதில் பார்த்ததா? கண்ணுக்குக் கீழே பார்த்ததா?" பிள்ளைக்கு எது கஷ்டம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். எந்த முறையில் எடுப்பது என்பதை அந்தத் தகவல்தான் தீர்மானிக்கிறது. எங்கள் பிள்ளையை முதலில் கொண்டுபோனபோது நாங்கள் சொன்னது "தலையில அடி, சத்தி எடுக்கிறான்" என்பது மட்டுமே. கண்ணைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு எடுத்தார்கள், எடுத்ததற்குப் பதில் சொன்னார்கள்.

அவனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது அடிபட்டு ஒன்பது நாட்கள் போயிருந்தன. இன்று நன்றாக இருக்கிறான். பந்தும் உதைக்கிறான். நேரே பார்த்தால் எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது. தென்னை மர உச்சியைப் பார்க்கும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் இரண்டாகத் தெரிகிறதாம். அது முழுதாகப் போகுமா என்று வைத்தியர் உறுதி சொல்லவில்லை.

ரொன்ட்ஜனும் ராடொனும் ஹவுன்ஸ்ஃபீல்டும் ராமச்சந்திரனும் ஒரு நூற்றாண்டாகச் சேர்த்துவைத்த அறிவு எல்லாம் அந்த இயந்திரத்துக்குள் இருந்தது. அதை எங்கே திருப்புவது என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்களாக இருந்தோம். அவன் நாடியைத் தூக்கியபோது நாங்கள் ஏசாமல் "ஏன் மகன் அப்படிப் பார்க்கிறாய்?" என்று கேட்டிருந்தால் சில நாட்களாவது மிஞ்சியிருக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பறையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு பிள்ளை வழமைக்கு மாறாக இருந்தால் முதலில் ஏச்சு இல்லை, முதலில் கேள்வி. மற்ற ஆசிரியர்களும் இதைச் செய்யலாம். இன்ஷா அல்லாஹ், இன்னொரு பிள்ளைக்கு ஒன்பது நாள் போகாது.

மைதானத்துக்குப் பிள்ளை அனுப்புகிற யாராவது உங்களுக்குத் தெரிந்தால் அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.